நுங்கம்பாக்கத்தில் ஒரு டென்னிஸ் வாரம்

நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டை வரையில் ஒரு காலத்தில் நீண்டு கிடந்த பெரிய ஏரியின் மாம்பலத்துப் பக்கத்தை 1920-களில் வற்றச் செய்து தியாகராய நகரை நிர்மாணித்தார்கள் என்பதும், வடகோடியில் எஞ்சிய படுகையில் 1976-ஆம் வருஷம் வள்ளுவர் கோட்டம் எழுந்தது என்பதும் ஊரறிந்த சங்கதிகள். அதே படுகையின் இன்னொரு மூலையில், தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை உத்தேசித்து 1995-இல் கட்டப்பட்ட டென்னிஸ் மைதானத்துக்கு நடந்து போகிற தூரத்தில்தான் நாங்கள் வெகுகாலமாகக் குடியிருக்கிறோம். ஆகையால், பல வருஷங்களில் ஜனவரி பிறந்ததும், காற்று எங்கள் பக்கம் திரும்பி வீசுகிற மாலைகளில், நடுவர் ஒலிபெருக்கியில் கணக்குச் சொல்வதும், அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான பேர் ஒருமிக்கக் கைதட்டுவதும் மார்கழி பஜனையோடு கலந்து எங்கள் மொட்டை மாடிக்கு வந்து சேரும். 1997 முதல் 2017 வரையில் அது ஆண்களுக்கான போட்டி. ராஃப்டர், மோயா, வாவ்ரிங்கா என்று பெயர் பெற்றவர்கள் பலர் வந்து ஜயித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் போட்டி புனேக்குப் பெயர்ந்துவிட்டது. எங்கள் ஜனவரி மாலைகளில் பஜனை மட்டும் மிச்சமாயிற்று.

2022 செப்டம்பரில் அந்த மைதானத்தில் பெண்களுக்கான சர்வதேச டென்னிஸ் போட்டி நடக்கப் போகிறது என்ற செய்தி வந்தபோது எனக்கு உண்டான உத்ஸாகம், என் வயதுக்குப் பொருத்தமானதல்ல என்று வீட்டில் உள்ளவர்கள் அபிப்பிராயப்பட்டார்கள். பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ. நடத்தும் முதன்மைச் சுற்றுப் போட்டி நம் தேசத்துக்கு வந்து வெகுகாலமாகியிருந்தது. ஹைதராபாத்தில் 2005-ஆம் வருஷம் சானியா மிர்ஸா தன் சொந்த ஊர் ஜனங்களுக்கு எதிரிலேயே பட்டம் வென்றதும், 2008-இல் பெங்களூரில் செரீனா வில்லியம்ஸ் வந்து விளையாடி ஜயித்துக்கொண்டு போனதும் எல்லாம் பழங்கதை ஆகிவிட்டன. சென்னைக்கோ இதுவே முதல் தடவை.

எனக்கு டென்னிஸ் ஆடத் தெரியாது. எங்கள் காலத்துப் பெண்கள் பள்ளிக்கூடங்களில் விளையாட்டு என்றால் வளையப்பந்துதான். ரப்பர் வளையம் ஒன்றைக் கையால் பிடித்து, பிடித்த கையாலேயே உடனே வலைக்கு மேலாக எறிய வேண்டும். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு ஆடுவோம். மட்டை என்ற பொருள் கிளப்புகளில் அங்கத்தினராக இருந்த பெரிய மனிதர் வீட்டுப் பெண்களுக்கு உரியது என்பது அக்காலத்தில் யாரும் எடுத்துச் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது. லீலா ராவ் என்னும் இந்தியப் பெண்மணி 1934-லேயே விம்பிள்டனில் ஓர் ஆட்டம் வென்றிருக்கிறார் என்பதை நான் அறிந்துகொண்டது மிகவும் பிற்பட்ட காலத்தில்தான். கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன் 1998-இல் ஆஸ்திரேலிய ஓப்பனில் ஓர் இத்தாலியப் பெண்ணை முதல் சுற்றில் தோற்கடித்தபோது, கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் பள்ளித் தோழி ஒருத்தி அதற்காக மட்டுமே ஒரு டிரங்க் கால் செலவு செய்தாள். வளையத்தை எறிந்து பழகிய கைகளுக்கு அந்த வெற்றியில் ஏதோ ஒரு பாத்தியதை இருப்பதாக எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அந்த வாரத்தில் எனக்குத் துணையாக வாய்த்தவள், கும்பகோணத்திலிருந்து வந்து கண் புரைக்குச் சிகிச்சை செய்துகொண்டு, டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொன்னதால் எங்கள் வீட்டில் தங்கியிருந்த என் நாத்தனார். புதிதாகத் துலங்கிய கண்ணுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்ற ஆவலைத் தவிர அவளுக்கு டென்னிஸோடு வேறு சம்பந்தம் கிடையாது. முதல் நாள் அரங்கத்தில் உட்கார்ந்த கால் மணிக்குள் அவள் கேட்ட முதல் கேள்வி, பதினைந்து, முப்பது என்று போகிற கணக்கு நாற்பத்தைந்துக்குப் போகாமல் நாற்பதில் ஏன் நிற்கிறது என்பது அல்ல. அதை எல்லாரும் கேட்பார்கள்.

"ஏன் அண்ணி, இந்தப் பொண்ணுங்களுக்கு இதுக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டாள்.

சம்பளம் இல்லை, ஜயித்தால் பரிசு, தோற்றால் அதில் சொற்பம் என்று சொன்னேன். மொத்தப் பரிசு 2,51,750 டாலர் என்பதையும், 32 பேர் இருக்கிற ஒற்றையர் பிரிவும் இரட்டையர் பிரிவும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும், முதல் சுற்றில் தோற்றவள் தனக்குக் கிடைக்கும் பங்கிலிருந்துதான் விமானச் சத்தமும் பயிற்சியாளர் கூலியும் தர வேண்டும் என்பதையும் விவரித்தேன். அவள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, "அப்போ தோத்துக்கிட்டே இருந்தா கைக்காசுதான் போகும்" என்றாள். பத்திரிகைகளில் விளையாட்டுப் பகுதி எழுதுகிறவர்கள் பலருக்கு இத்தனை வருஷமாகியும் பிடிபடாத விஷயம் இது.

அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் இடைவேளையில் அவளுக்கு ஹூஸ்டன் கதையைச் சொன்னேன். 1970-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கவிருந்த ஒரு போட்டியில் ஆண்களுக்குத் தருவதில் எட்டில் ஒரு பங்கு அளவே பெண்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். பில்லி ஜீன் கிங் முதலான ஒன்பது பெண்கள் அதைப் பகிஷ்கரித்தார்கள். கிளாடிஸ் ஹெல்ட்மன் என்ற பத்திரிகாசிரியை ஹூஸ்டனில் ஏற்பாடு செய்த வேறொரு போட்டியில் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு விளையாடினார்கள். தேசிய சங்கம் தங்களை விலக்கிவிடும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். மூன்று வருஷத்தில், 1973-இல், விம்பிள்டன் தொடங்கும் தறுவாயில் லண்டன் ஹோட்டல் ஒன்றில் கூடிப் பெண்கள் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். அந்த வருஷமே அமெரிக்க ஓப்பன் இரு சாராருக்கும் சமமாகப் பரிசு கொடுத்தது. விம்பிள்டன் அந்த நியாயத்தை ஒப்புக்கொள்ள 2007 வரை ஆயிற்று. நாத்தனார் இந்தச் சரித்திரத்தில் கடைசிப் பகுதியைத் தவிர மற்றதை அவ்வளவு சிரத்தையாகக் கேட்டாள் என்று சொல்ல முடியாது. "வெள்ளைக்காரன் ஊரிலேயும் இப்படித்தானா!" என்று மட்டும் சொன்னாள், அதில் ஒரு திருப்தி இருந்தது.

செப்டம்பர் சென்னையின் புழுக்கத்தைப் பற்றிச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டங்கள் மாலையில் தொடங்கி விளக்கொளியில் இரவு வெகுநேரம் வரையில் நடந்தாலும், ஏரி இருந்த இடம் என்பதனாலோ என்னவோ, தரையிலிருந்து ஓர் ஈரம் எழும்பிக்கொண்டே இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த பெண்கள் பக்கம் மாறி உட்காரும் போதெல்லாம் ஐஸ் சுற்றிய துவாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மூச்சு வாங்கினார்கள். வியர்வையில் மட்டையின் பிடி வழுக்குவதால், அந்தத் தொண்ணூறு விநாடியில் பிடியின் மேல் சுற்றிய நாடாவைப் பிரித்து எறிந்துவிட்டுப் புதியதைச் சுற்றுவார்கள். பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு, இடது கையால் மட்டையை மெல்லச் சுழற்றி, ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறும்படி அவர்கள் அதைச் சுற்றுகிற லாவகத்தை நான் ஆட்டத்துக்கு நிகராகவே ரசித்தேன்.

முதல் சுற்றில் நம் தேசத்து அங்கிதா ரெய்னாவுக்கு எதிரில் வந்தவர் ஜெர்மனியின் தாத்யானா மரியா. அவருக்கு அப்போது 35 வயது; இரண்டு குழந்தைகளுக்குத் தாய்; அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் விம்பிள்டனில் அரையிறுதி வரை போய் உலகத்தையே வியக்க வைத்திருந்தார். முதல் குழந்தை பிறந்த பிறகு, அதுவரை இரு கையால் அடித்துக்கொண்டிருந்த பேக்ஹேண்டை ஒற்றைக் கைக்கு மாற்றிக்கொண்டவர். பிள்ளை பெற்ற பிற்பாடு விளையாட வருவதே அபூர்வம். அடிப்படை அடியையே புதிதாகக் கற்றுக்கொண்டு வருவது என்பது எவ்வளவு துணிச்சல்! அவர் பந்தைப் பலமாக அடிக்கவே மாட்டார். மட்டையின் முகத்தைச் சற்று மல்லாத்தி, பந்தின் அடிப்பாகத்தைச் சீவிவிடுவார். அது மிதந்து வந்து, தரையில் பட்டதும் எழும்பாமல் முழங்காலுக்குக் கீழேயே சறுக்கிக்கொண்டு ஓடும். அங்கிதா ஒவ்வொரு பந்துக்கும் முதுகை வளைத்துக் குனிய வேண்டியிருந்தது. குனிந்து எடுத்து அனுப்பினால் மறுபடி அதே சீவல். ஒரே ஒரு கேமை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு மரியா ஆட்டத்தை முடித்தார். "அரிவாள்மணையிலே வெள்ளரிக்காய் நறுக்கற மாதிரி நறுக்கித் தள்ளிட்டா" என்றாள் நாத்தனார். நம் பெண் தோற்றாள் என்ற வருத்தம் அரங்கம் முழுவதும் இருந்தாலும், எனக்கு அந்தத் தாயின் கைவேலையைப் பார்த்த நிறைவே மேலோங்கி நின்றது.

நம் தேசத்தின் இன்னொரு பெண்ணான கர்மன் கவுர் தண்டி வேறு ஜாதி ஆட்டக்காரி. ஆறடி உயரம், சர்வீஸ் போடுகையில் கை மேலே போய்க்கொண்டே இருக்கும். பிரான்ஸைச் சேர்ந்த குளோயி பாக்கேயிடம் முதல் செட்டை இழந்துவிட்டு, அடுத்த இரண்டையும் வென்று அவள் கரையேறிய இரவில், எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தைகள் தொண்டை கட்டிப் போகும் வரையில் கத்தினார்கள். அடுத்த சுற்றில் அவள் எதிர்கொண்டது, 2014-இல் விம்பிள்டன் இறுதியாட்டம் வரை சென்றவரும், தோளில் அறுவை செய்துகொண்டு நீண்ட காலம் ஆடாமலிருந்து திரும்பியவருமான கனடாவின் யூஜீனி புஷார்டை. இரண்டாவது செட்டை டை-பிரேக் வரை இழுத்துச் சென்றும் கர்மனால் மேற்கொண்டு போக முடியவில்லை. ஜனங்கள் அன்று இரண்டு பேருக்கும் பாரபட்சமின்றிக் கைதட்டினார்கள். சென்னை ஜனங்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு நற்பெயர் உண்டு. அதை நாங்களே சொல்லிக்கொள்வதும் உண்டு.

பெண்கள் டென்னிஸைப் பற்றி என் மனத்தில் வெகுநாளாக இருக்கும் ஓர் அபிப்பிராயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆண்களின் பெரிய ஆட்டங்களில் சர்வீஸ் என்பது பெரும்பாலும் அசைக்க முடியாத சொத்தாக இருக்கிறது. நெடிய மனிதர் ஒருவர் வானத்திலிருந்து இறக்குவது போல் பந்தை இறக்குகிறார். எதிராளி மட்டையை நீட்டுவதற்குள் நடுவர் பதினைந்து என்கிறார். யாராவது ஒருவருடைய சர்வீஸை ஒருமுறை முறியடித்துவிட்டால் அந்த செட் அநேகமாக முடிந்த கதைதான். மிச்சத்தைப் பார்க்காமல் எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம். பெண்கள் ஆட்டத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. சர்வீஸ் போட்டவளுக்கு அதனால் கிடைக்கும் அனுகூலம் மிகவும் சிறியது. பந்து திரும்பி வந்துவிடும். வந்த பிறகு கால், கண், புத்தி மூன்றையும் கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். முன்னணியில் இருப்பவள் அடுத்த பத்து நிமிஷத்தில் பின்தங்கிவிடலாம். இதை ஒரு பலவீனமாகச் சொல்லி, பெண்கள் ஆட்டம் நிலையற்றது என்று உதட்டைப் பிதுக்கும் ரசிகர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நிலையாக இருப்பதைப் பார்ப்பதற்குப் பணம் கொடுத்து டிக்கெட் வாங்குவானேன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வாரத்தின் வியாழக்கிழமை மாலை, ஆட்டத்துக்கு நடுவில் அரங்கத்தில் திடீரென்று ஒரு முணுமுணுப்புப் பரவியது. ரோஜர் ஃபெடரர் ஓய்வு பெறப் போவதாக அறிவித்துவிட்டார் என்று கைப்பேசியைப் பார்த்தவர்கள் பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொன்னார்கள். செரீனா தம் கடைசி ஆட்டத்தை நியூயார்க்கில் ஆடி முடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கீழே வெளிச்சத்தில், இதொன்றும் அறியாத இரண்டு யுவதிகள் பேஸ்லைனில் நின்று ஒருவரையொருவர் மூலைக்கு மூலை ஓட வைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே பாதிப் பேர் குனிந்து கைப்பேசியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது என்றே சொல்ல வேண்டும். ஃபெடரரிடம் எனக்கிருக்கும் பக்தி யாருக்கும் குறைந்ததல்ல. ஆனாலும் ஓய்வு பெறுகிறவரைப் பற்றி மறுநாள் பேப்பரில் படித்துக்கொள்ளலாம் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். ஒரு பக்கம் போலந்தின் மாக்தா லினெட், வயது 30, ஏற்கெனவே இரண்டு பட்டங்கள் வென்றவர், நிதானமும் அனுபவமும் நிறைந்தவர். மறுபக்கம் செக் தேசத்தின் லிண்டா ஃப்ருவிர்தோவா, வயது 17, உலகத் தரவரிசையில் 130. செக் தேசம் சிறியது. ஆனால் நவ்ரதிலோவா, மாண்ட்லிகோவா, நொவோத்னா, க்விதோவா என்று தலைமுறைக்கொருவரை உலகத்துக்குக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. லிண்டாவுக்கு ஒரு தங்கை, பிரெண்டா, அவளும் ஆட்டக்காரி. இதைக் கேட்டதும் நாத்தனார், "ரெண்டு பொண்ணையும் மட்டையைக் கொடுத்து அனுப்பிட்டு அந்த அம்மா வீட்டிலே தனியா என்ன பண்ணுவா?" என்று கவலைப்பட்டாள்.

முதல் செட்டை லினெட் 6-4 என்று எடுத்துக்கொண்டார். பெண் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பேஸ்லைனை விட்டுப் பின்வாங்காமல், பந்து எழும்பும்போதே முன்கூட்டி அடிப்பதுதான் அவள் பாணி. தவறினாலும் அதையே செய்தாள். இரண்டாவது செட் 6-3 என்று அவளுக்கு வந்தது. மூன்றாவது செட்டில் அனுபவம் மீண்டும் தலைதூக்கிற்று. லினெட் 4-1 என்று முன்னேறிவிட்டார். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு குடும்பம், வள்ளுவர் கோட்டத்துச் சிக்னலில் வண்டிகள் சேர்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு எழுந்து போயிற்று. நாத்தனாரும் என் முகத்தைப் பார்த்தாள். உட்காரு என்று சொன்னேன்.

அதற்கப்புறம் நடந்ததை வர்ணிப்பது எளிதல்ல. ஏனென்றால் அதிசயமாக எதுவும் நடக்கவில்லை. பெண் ஒரு கேம் எடுத்தாள்; பிறகு இன்னொன்று. ஆகாயத்தைக் கிழிக்கும் அடி எதுவும் கிடையாது. இதுவரையில் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்துகொண்டிருந்த பந்து இப்போது ஒரு சாண் உள்ளே விழத் தொடங்கியது, அவ்வளவுதான். லினெட்டின் பக்கத்திலோ அதற்கு நேர்மாறாக, இதுவரை யோசிக்காமல் வந்துகொண்டிருந்த அடிகள் யோசித்து யோசித்து வந்தன. சர்வீஸுக்கு முன் பந்தைத் தரையில் தட்டுவதே அதிக நேரம் பிடித்தது. நான்குக்கு நான்கு என்று கணக்குச் சமமானபோது அரங்கம் முழுவதும் "லிண்டா, லிண்டா" என்று ஒரே குரலாகக் கூவியது. ஒரு மணி நேரம் முன்பு வரை அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்கள்தான் அவர்களில் பாதிப் பேர். தொடர்ந்து ஐந்து கேம்களை வென்று, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீடித்த ஆட்டத்தை 4-6, 6-3, 6-4 என்று அவள் முடித்தாள். அவள் வாழ்க்கையில் அந்தத் தரத்துப் போட்டியில் வென்ற முதல் பட்டம் அது. பதினேழு வயதில், வேற்றுத் தேசத்தில், பத்திரிகைக்காரர்களுக்கு மத்தியில் நின்றபோது அவள் முகத்தில் பூரிப்பைவிட மிகுதியாகத் தென்பட்டது களைப்புதான்.

பரிசளிப்புக்கு முதலமைச்சர் ஸ்டாலின் வந்திருந்தார். அரசு ஐந்து கோடி ரூபாய் ஒதுக்கி இந்தப் போட்டிக்குத் துணை நின்றிருந்தது. மேடையில் பழைய டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் நின்றதைப் பார்க்கையில், அவருடைய தாயார் மார்கரெட் அம்மையாரைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றை நடத்திக்கொண்டே, நோயாளிக் குழந்தையாக இருந்த விஜய் பள்ளிக்குப் போக முடியாத நாட்களில் தாமே வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் குறித்துக்கொண்டு வந்தவர் அவர். மூன்று பிள்ளைகளையும் டென்னிஸ் ஆட வைத்தவர். சென்னையில் டென்னிஸ் என்று பேசுகிறவர்கள் மகன்களைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இரண்டாவது தடவை இந்தப் போட்டி நம் ஊருக்கு வர மூன்று வருஷம் ஆயிற்று. 2025 அக்டோபர் கடைசியில், ஐப்பசி மழைக்கு நடுவில் நடந்த அந்தப் போட்டியில் இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் பட்டம் வென்றார். அதே வருஷம் பிப்ரவரியில் கோயம்புத்தூர் மாயா ராஜேஷ்வரன் 15 வயதில் மும்பைப் போட்டியொன்றில் அரையிறுதி வரை போயிருந்ததால், டிரங்க் கால் செய்த என் பழைய தோழி இப்போது வாட்ஸ்அப்பில் தொந்தரவு செய்துகொண்டிருந்தாள்.

ஆனால் என் நினைவு 2022-ஐ விட்டு எளிதில் நகர்வதில்லை. அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் தொடங்கியபோது விடியற்காலையிலேயே தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். லிண்டா நான்காவது சுற்று வரை போனாள், சந்தோஷம். ஆனால் நான் தேடியது லினெட்டை. நுங்கம்பாக்கத்தில் நான்குக்கு ஒன்று என்று இருந்து தோற்றுப் போனவர், மெல்போர்னில் கோன்டவெய்த்தை வென்றார், அலெக்ஸாண்ட்ரோவாவை வென்றார், கரோலின் கார்சியாவை வென்றார், முன்னாள் முதலிடக்காரி பிளிஷ்கோவாவையும் காலிறுதியில் வென்று, தம் முப்பதாவது வயதில் முதல் முறையாக ஒரு கிராண்ட் ஸ்லாம் அரையிறுதிக்கு வந்துவிட்டார். கும்பகோணத்துக்குப் போன் செய்து சொன்னேன். "யாரு, அன்னிக்குத் தோத்தாளே, அவளா?" என்று கேட்டுவிட்டு, அரையிறுதி எத்தனை மணிக்கு, எந்தச் சானலில் என்று நாத்தனார் விசாரித்துக்கொண்டாள். அதில் சபலென்காவிடம் லினெட் முதல் செட்டை டை-பிரேக்கிலும் இரண்டாவதை 2-6 என்றும் இழந்தார். ஆட்டம் முடிந்த ஐந்தாவது நிமிஷம் கும்பகோணத்திலிருந்து போன் வந்தது. அரையிறுதியில் தோற்றவளுக்கு எவ்வளவு தருவார்கள் என்பதுதான் கேள்வி.